எந்த மின்சாரம் நல்லது?

ஆசிரியர்களே, "எந்த மின்சாரம் சார் நல்லது?"ன்னு பிள்ளைங்க கேட்டா, உடனே பதில் சொல்லிடாதீங்க. நம்ம வட்டாரத்தையே பாடமாக்குங்கள்.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் இயங்குகிறது. புகையில்லை, எரிபொருள் செலவில்லை. திறன் 32 மெகாவாட்தான், அணை வற்றினால் அதுவும் குறையும். கயத்தாறு காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றில் சுழலும். காற்று ஓய்ந்தால் நிற்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் இரவிலும் ஓடும். கூடவே புகையும் சாம்பலும் வரும். கூடங்குளத்தில் ஓர் அணு உலையே 1,000 மெகாவாட் தரும். பயன்படுத்திய எரிபொருளைப் பல தலைமுறை பாதுகாக்க வேண்டும்.

கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதுங்கள்: எப்போது கிடைக்கும்? எவ்வளவு கிடைக்கும்? எதை மிச்சம் வைக்கும்? பாதிப்பை யார் சுமப்பது? வயல்காட்டுப் பிள்ளையும் கடலோரப் பிள்ளையும் வேறு வேறு பதில் சொல்லலாம். காரணம் கேளுங்கள், மதிப்பெண் காரணத்துக்குத்தான்.