புல்க் ஏற்றம்: அந்த ரோட்டை யார் போட்டது?

போன வாரம் கியர் பத்திப் பேசினோம். இன்னைக்கு ஒரே ஒரு ஏற்றம். சவுத் வேல்ஸ்ல ரோண்டா பள்ளத்தாக்குல இருக்கிற 'புல்க்'. வெல்ஷ் மொழியில அந்தச் சொல்லுக்கே கணவாய்னுதான் அர்த்தம்.

நான் கார்டிஃப்ல படிச்சப்போ, அங்கே சைக்கிள் ஓட்டுற எல்லாரும் சொல்ற முதல் பேர் இதுதான். 2018ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச ஜெரெய்ன்ட் தாமஸ் கார்டிஃப்காரர். அவர் ஊர்ல இருந்துட்டு மலை ஏறலைன்னா எப்படி? செகண்ட்ஹேண்ட் ரோட் பைக், ரெண்டு வாழைப்பழம், ஒரு தண்ணி பாட்டில். கிளம்பிட்டேன்.

கார்டிஃப்ல இருந்து டாஃப் நதியை ஒட்டி பாண்ட்டிப்ரித் வரைக்கும் பெரிய கஷ்டம் இல்லை. அங்கே இடது பக்கம் திரும்பினா ரோண்டா. கொஞ்ச தூரத்துல ட்ரெஹாவோட்ல ரெண்டு பெரிய இரும்புச் சட்டம் நிக்கும், உச்சியில சக்கரத்தோட. ஆட்களையும் நிலக்கரியையும் ஏத்தி இறக்கின சுரங்க வாய் அது. 1983ல மூடினாங்க. இப்போ மியூசியம்.

அதுக்கப்புறம் ஊர், ஊர், ஊர். ஒரு ஊர் எங்கே முடியுது, அடுத்தது எங்கே தொடங்குதுன்னே தெரியாது. ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள். 1913ல சவுத் வேல்ஸ் 5 கோடியே 70 லட்சம் டன் நிலக்கரி எடுத்தது. அந்த வேலைக்கு வந்தவங்களுக்காகக் கட்டின வீடுகள் இவை.

ட்ரியோர்க்கில இடது பக்கம் திரும்பினதும் ஏற்றம் ஆரம்பம். ஏறக்குறைய 5 கிலோமீட்டர், சராசரி 5, 6 சதவீதம். அதாவது 100 மீட்டர் போனா 5, 6 மீட்டர் மேலே. கேட்க சுலபமா இருக்கும். பிரச்சனை என்னன்னா, அது நிக்கவே நிக்காது. முதல் கிலோமீட்டர்ல நான் ஹீரோ மாதிரி எழுந்து நின்னு மிதிச்சேன். மூணாவதுல மூச்சு போயிடுச்சு. அன்னைக்குக் கத்துக்கிட்டது இதுதான்: இந்த மாதிரி சீரான ஏற்றத்துல ஆரம்பத்துலேயே சின்ன கியருக்கு இறங்கிடணும். பக்கத்துல ஒருத்தர் வந்தா பேச முடியணும். பேச முடியலைன்னா வேகம் அதிகம்.

மேலே ஒரு கார் பார்க்கிங், ஒரு ஐஸ்கிரீம் வண்டி, நிறைய ஆடுகள். கீழே பச்சைப் பள்ளத்தாக்கு. போட்டோ எடுத்துட்டு, பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட "இயற்கைன்னா இதுதான், இல்லையா சார்?"னு கேட்டேன். அவர் சிரிச்சார். "நீ ஏறி வந்த ரோட்டை எங்க தாத்தா போட்டார், பட்"னார். 'பட்' அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் நண்பனைக் கூப்பிடுற சொல். சுரங்கத்துல கூட வேலை செய்யுற கூட்டாளிக்கு இருந்த பேரு அது.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். முதல் உலகப் போருக்கு அப்புறம் கப்பல்கள் எண்ணெய்க்கு மாற ஆரம்பிச்சது, ஏற்றுமதி சரிஞ்சது, சுரங்கத்துல வேலை போச்சு. 1920கள்ல வேலையில்லாத சுரங்கத் தொழிலாளர்களை வெச்சுத்தான் இந்த மலை ரோட்டை வெட்டினாங்க. மோட்டார் வண்டிக்காகப் போட்ட ரோடுங்கிறதால, நேரா ஏறாம மலையைச் சுத்தி மெதுவா ஏறுது. கார்டிஃப் பக்கத்துல கேர்ஃபிலி மலையில இருக்கிற பழைய வழி சுமார் 10 சதவீதம்; அது நெஞ்சுல மிதிக்கும். புல்க் நம்மளை ஏத்திவிடுது. நான் 'நல்ல கிரேடியன்ட்'னு ஸ்ட்ராவால போட்டதுக்குப் பின்னாடி இருந்தது, சம்பளம் போன மனுஷங்களோட மண்வெட்டி.

அந்தப் பச்சையும் அப்படித்தான். அங்கே மலை மாதிரி தெரியுற பல மேடுகள், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவிச்சது. மேலே புல் முளைச்சிருக்கு, அவ்வளவுதான். 1966 அக்டோபர் 21ல, டாஃப் பள்ளத்தாக்குல அபர்வான் ஊர்ல ஒரு கழிவு மேடு பள்ளிக்கூடத்து மேல சரிஞ்சது. 144 பேர் இறந்தாங்க. அதுல 116 பேர் குழந்தைங்க. பழைய கதைன்னு விடவும் முடியாது. 2020 பிப்ரவரி புயல் மழையில, பக்கத்து ரோண்டா பள்ளத்தாக்குல டைலர்ஸ்டவுன் மேடு சரிஞ்சு சுமார் 60,000 டன் கழிவு இறங்கியது. நல்லவேளை, யாரும் சாகலை. வேல்ஸ் முழுக்க இப்படி 2,500க்கும் மேல கைவிட்ட மேடுகள் இருக்கு. மழை பலமா பெஞ்சா கீழே இருக்கிற வீடுகள்ல இன்னைக்கும் பயம்தான்.

இதையெல்லாம் கேட்டுட்டு, 'அப்போ அங்கே சைக்கிள் ஓட்டுறதே தப்பா?'ன்னு கேக்காதீங்க. நான் அதுக்கப்புறம் நாலு தடவை ஏறினேன். ஒரே வித்தியாசம், 'ஆளில்லாத அழகு'ன்னு எழுதுறதை நிறுத்திட்டேன். இறங்கினதும் ட்ரியோர்க்கி கடைத்தெருவுல உட்கார்ந்து டீ குடிப்பேன். நாம அங்கே செலவழிக்கிற காசு சின்னதுதான், ஆனா அந்த ஊருக்குள்ள போகும்.

கடைசியா ஒண்ணு. நீங்க போனா, இறங்கும்போது பிரேக் மேல கை இருக்கட்டும். வளைவு தாண்டினதும் நடுரோட்டுல ஆடு படுத்திருக்கும். அது நகராது, நீங்கதான் நகரணும்.

அடுத்த வாரம் பஞ்சர் ஒட்டுறது பத்திப் பேசலாம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.