திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்: குழந்தையின் கை கால்களையும் பாருங்கள்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்னேரி, பழவேற்காடு, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்த அத்தாமார்களும் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய், நான்கு வயது மகனுடன் எங்கள் உதவி மையத்துக்கு வருவார். மகனுக்குக் காய்ச்சல். மருந்துச் சீட்டை நீட்டுவார், நாங்கள் பணம் கொடுப்போம். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடியும் வருவார், மறுபடியும் காய்ச்சல். ஒருமுறை டைபாய்டு என்றார்கள், ஒருமுறை டான்சில் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் எழுதினார்கள். எங்கள் பதிவேட்டில் ஒரே வருடத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் ஒன்பது முறை இருந்தது. ஒன்பது முறையும் பணம் கொடுத்தோம். “ஏனம்மா இப்படி வந்துகொண்டே இருக்கிறது?” என்று ஒருமுறைகூட நாங்கள் கேட்கவில்லை.

ஒருநாள் காலை அந்தப் பிள்ளைக்கு வாய் ஒரு பக்கம் கோணியது, இடது கால் இழுத்தது. சென்னைக்குக் கொண்டு போனார்கள். நான்கு வயதுக் குழந்தைக்குப் பக்கவாதம் என்றார் டாக்டர். பிறகு பிள்ளையின் காலைப் பார்த்தவர், “இந்த வலை போன்ற கோடுகள் எத்தனை நாளாக இருக்கின்றன?” என்று கேட்டார். “ரொம்ப நாளாக இருக்கிறது, பாய் அழுத்திய தடம் என்று நினைத்தேன்” என்றார் அந்தத் தாய்.

அந்தக் கோடுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பயப்பட வேண்டாம்

இதைக் கேட்டுவிட்டு, காய்ச்சல் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் இருக்குமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் பல முறை சளி, இருமலோடு காய்ச்சல் வருவது வழக்கம். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் வகுப்பில் பாதிப் பேருக்கு வரும்.

வேறு ஒரு வகைக் காய்ச்சல் உண்டு. சளி, இருமல் இருக்காது, வீட்டில் வேறு யாருக்கும் இருக்காது. நாள் குறித்து வைத்தது போல வரும், சில நாள் கொதிக்கும், தானாகப் போய்விடும். இடையில் பிள்ளை நன்றாக ஓடி விளையாடும். சில வாரங்களில் மறுபடியும் வரும். கிருமியால் வருவதல்ல இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, எதிரியே இல்லாத நேரத்தில் தானாகக் கிளம்புவதால் வருவது. அதனால்தான் ஆன்டிபயாடிக் இதற்குப் பயன்படுவதில்லை. மருந்து கொடுத்த நேரத்தில் காய்ச்சல் தானாக அடங்குகிறது, நாம் மருந்து கேட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் அதிகமாகக் காணப்படுவதை டாக்டர்கள் ‘பி.எஃப்.ஏ.பி.ஏ.’ என்பார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும். தொண்டைப் புண், வாய்ப் புண், கழுத்தில் நெறிகட்டுதல் கூடவே இருக்கும். பிள்ளை ஒழுங்காக வளரும், பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே நின்றுவிடும்.

துருக்கி, ஆர்மீனியா, அரபு நாடுகளில் அதிகம் உள்ள இன்னொரு வகைக்கு ‘மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல்’ என்று பெயர். அதற்கு 1972 முதல் பயன்படும் மருந்து கோல்சிசின். அது நம் மாநில மலரான செங்காந்தள் செடியிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழங்கையோ விதையையோ யாரும் கையால் தொட்டு மருந்தாகக் கொடுத்துவிடாதீர்கள், அது உயிரைக் கொல்லும் விஷம். மாத்திரையாக, அளவோடு, டாக்டர் கொடுத்தால்தான் மருந்து.

ரத்தக் குழாயைத் தாக்கும் காய்ச்சல்

மிக அரிதான மூன்றாவது வகைதான் அந்தப் பிள்ளைக்கு இருந்தது. ‘அடினோசின் டீஅமினேஸ் 2 குறைபாடு’ என்பது அதன் பெயர், சுருக்கமாக ‘டாடா-2’. அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 2014-இல்தான் இதன் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டன. அதற்கு முன் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நோய் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே நம் ஊர் டாக்டருக்கு உடனே தோன்றவில்லை என்றால் அவரைத் திட்டுவதில் நியாயமில்லை.

நம் ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. அது மிகக் குறைந்துவிட்டால் சிறிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்குகிறது. உள்ளே வழி குறுகும்போது தோலில் வலை வலையாக, ஊதாவும் சிவப்புமாகக் கோடுகள் தெரியும். மூளையின் உள்ளே உள்ள சிறு குழாய் அடைத்தால் பக்கவாதம். சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் குழாய்களும் பாதிக்கப்படலாம். சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஐந்து வயதுக்குள்ளேயே பக்கவாதம் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். இதற்கு மருந்து இருக்கிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ‘டி.என்.எஃப்.’ தடுப்பு ஊசிகளே இதற்கும் பலன் தருகின்றன. 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட விவரம் இது: ஊசிக்கு முன் 15 நோயாளிகளுக்கு மொத்தம் 55 முறை பக்கவாதம் வந்திருந்தது. ஊசி தொடங்கிய பிறகு, அவர்கள் கவனித்த காலம் முழுவதும், ஒருமுறைகூட வரவில்லை.

அதனால்தான் இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம். வந்த பக்கவாதத்தைத் திருப்ப முடியாது. வராமல் தடுக்க முடியும்.

கை காலில் எதைப் பார்ப்பது?

காய்ச்சல் ஏறும்போது பிள்ளையின் கை கால் சில்லென்று இருப்பது இயல்பு. உடம்பு சூட்டைக் காப்பாற்ற, தோலின் குழாய்கள் சுருங்குகின்றன. காய்ச்சல் ஏறி நின்றதும் கை கால் சூடாகிவிடும். குளித்து வந்த குழந்தையின் தோலில் பளிங்கு போலக் கோடுகள் தெரிந்து, துணி போர்த்தியதும் மறைந்தால் அதுவும் பயமில்லை.

கவனிக்க வேண்டியவை வேறு. உடம்பைச் சூடாக்கிய பிறகும் மறையாத, விட்டு விட்டு உடைந்த வலை போன்ற கோடுகள். தொட்டால் வலிக்கும் சிறு கட்டிகள். நீலமாகவோ கறுப்பாகவோ மாறும் விரல் நுனிகள். இவற்றில் ஒன்று இருந்து, காய்ச்சலும் திரும்பத் திரும்ப வந்தால், டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் தோலுக்குக் களிம்பும் காய்ச்சலுக்கு மாத்திரையும் கிடைக்கும், நோய் பிடிபடாது.

வாய் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீரென்று பார்வை இரண்டாகத் தெரிதல், கடுமையான தலைவலியோடு வாந்தி: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஓதி ஊதிவிட்டுப் பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம். துஆ செய்யுங்கள், துஆ செய்துகொண்டே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் அடைப்பும் வரும், ரத்தக் கசிவும் வரும். எது என்று ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மழைக்காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சல் இறங்கிய பிறகு கை கால் சில்லிட்டு, பிள்ளை சோர்ந்து, வயிறு வலித்து, சிறுநீர் குறைந்தால் அது டெங்குவின் ஆபத்தான கட்டமாக இருக்கலாம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

யார் மீதும் பழி வேண்டாம்

அந்தத் தாயின் வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? கண் பட்டுவிட்டது என்றார்கள். சிப்காட் புகை என்றார்கள். பிறகு, “உன் பக்கத்து நோய்” என்று மருமகள் மீதே போட்டார்கள். புகையால் மூச்சுக்குத் தொல்லை வரும், உண்மைதான். ஆனால் இந்த நோய் புகையால் வருவதல்ல. தாய் வழியாக மட்டும் வருவதும் அல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரு மரபணு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பழி போடுவதென்றால் இரண்டு குடும்பத்தின் மீதும் போட வேண்டும். அதனால் யார் மீதும் வேண்டாம்.

சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதல்ல. 2021-இல் இந்தியாவின் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து 33 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டன. அவர்களில் பலர் வட இந்திய அகர்வால் சமூகத்தினர். ஜார்ஜியா நாட்டு யூதர்களிடம் கண்ட அதே மரபணு மாற்றம்தான் அவர்களிடமும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் எந்தச் சமூகத்திலும் இப்படி நடக்கலாம். மாமன் மகளை மணப்பது மார்க்கத்தில் கூடும், ஆனால் கட்டாயமில்லை. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் உறுதியாகிவிட்டால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நாளையே செய்ய வேண்டியது

பிள்ளைக்கு இப்படிக் காய்ச்சல் வருகிறதென்றால் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, எத்தனை நாள் இருந்தது, தெர்மாமீட்டரில் அதிகபட்சம் எவ்வளவு, வாய்ப் புண், வயிற்று வலி, மூட்டு வலி, தோலில் மாற்றம், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். தோலில் கோடு தெரிந்தால் பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுங்கள், ஏனென்றால் டாக்டரிடம் போகும் நாளில் அது மறைந்திருக்கும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் வையுங்கள். சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். போன்ற ரத்தப் பரிசோதனைகளைக் காய்ச்சல் இருக்கும்போது ஒருமுறை, நன்றாக இருக்கும்போது ஒருமுறை பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்ட்ரல் வரை மின்சார ரயில் இருக்கிறது, அங்கிருந்து எழும்பூர் பக்கம்தான். கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், உங்கள் பிள்ளைக்கு அதில் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள், ஆபத்து வந்த பிறகு வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம்.

இந்த ஊசியை ஆரம்பிக்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில தடுப்பூசிகளைத் தள்ளிப் போடச் சொல்வார்கள். அதை அலட்சியம் செய்யாதீர்கள். காய்ச்சல் நின்றுவிட்டது என்று ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் நின்றதே அந்த ஊசியால்தான்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறான். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறான், அது அப்படியே இருக்கலாம். அவனுடைய தங்கைக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கும் அதே குறை. அவளுக்குக் காய்ச்சல் இரண்டு முறைதான் வந்திருந்தது, கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. அதற்குள் ஊசி தொடங்கிவிட்டார்கள். அண்ணனுக்குத் தாமதமாகக் கிடைத்தது தங்கைக்கு நேரத்தில் கிடைத்தது.

எங்கள் உதவி மையப் பதிவேட்டில் இப்போது ஒரு புதிய கட்டம் போட்டிருக்கிறோம். “இதே பிள்ளைக்குக் கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது?” என்ற கேள்வி அது. ஒரு பிள்ளை மூன்றாவது முறை வந்தால், பணம் கொடுப்பதோடு நிறுத்தாமல், எங்கள் சகோதரி ஒருவர் உங்களோடு சென்னைக்கு வருவார், இன்ஷா அல்லாஹ். நாங்கள் கேட்க மறந்தால், தாய்மார்களே, நீங்கள் எங்களைக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.