பதிவேடும் புதிய பொறியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு எங்களைப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாங்கள் ஆசிரியர்கள் அல்லர். எழுத்தர், கணக்கர், நூலகர், பேருந்துப் பொறுப்பாளர் எனத் தில்லியின் பள்ளிகள் சிலவற்றில் பணியாற்றுகின்றவர்கள். கரும்பலகையின் முன் நிற்கும் பேறு எங்களுக்கில்லை. ஆயினும் உங்கள் குழந்தை பள்ளியிற் சேரும் நாளில் அதன் பெயரை முதன்முதலாகப் பதிவேட்டில் எழுதுவது எங்கள் கை. பள்ளியை விட்டு நீங்கும் நாளில் மாற்றுச் சான்றிதழில் எழுதுவதும் அதே கைதான். அந்தக் கையில் இப்பொழுது ஒரு புதிய கருவி வந்து சேர்ந்திருக்கின்றது. அதனை எவ்வாறு பொறுப்புடன் கையாள்வது என்பதே எங்கள் பேச்சின் பொருள்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் 'சாட்ஜிபிடி' என்னும் உரையாடும் பொறி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து அத்தகைய பொறிகள் பல தோன்றின. செயற்கை நுண்ணறிவு என்று இவற்றைக் கூறுகின்றோம். இவற்றால் விளையும் நன்மையை மறைக்க வேண்டுவதில்லை. இந்தியில் பேசத் தெரிந்தும் பிழையற எழுதத் தடுமாறுகின்றவர்கள் எங்களுள் உண்டு. பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய சுற்றறிக்கையை இப்பொறி நொடிப்பொழுதில் நல்ல இந்தியில் வரைந்து தருகின்றது. ஒரு முற்பகல் முழுவதையும் விழுங்கிய வேலை கால் மணியில் முடிகின்றது. இவ்வளவு எளிதாக முடிவதனாலேயே எங்களுக்கு அச்சமும் உண்டாயிற்று. அதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகின்றோம்.

எங்களுள் ஒருவர் பணியாற்றும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவரின் பெயர்ப் பட்டியலை ஒழுங்குபடுத்தும் வேலை வந்தது. நாளோ குறைவு. பட்டியலை அப்படியே பொறியிடம் கொடுத்து, வரிசைப்படுத்தித் தருமாறு கேட்டார். அழகிய பட்டியல் வந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஆனால் அவ்வலுவலகத்தில் எல்லோரும் 'படே பாபு' என்றழைக்கும் முதிய தலைமை எழுத்தர் ஒருவர் உண்டு. எந்தப் பட்டியலாயினும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சேர்க்கைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் குறியிட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அன்றும் அவ்வாறே படித்தார்கள். தமிழ்ப் பெண்ணொருத்தியின் பெயர் வந்தவுடன் குறியிட்ட கை நின்றது. முதலெழுத்தைக் காணோம். முத்துலட்சுமி என்பது போன்ற ஒரே பெயர் இரண்டாகப் பிளந்து, பிற்பாதி குடும்பப் பெயராக நின்றது. மேலும் இரண்டு பெயர்களில் எழுத்துக்கள் மாறியிருந்தன. “இந்தப் பொறிக்குத் தவறாக எழுத வெட்கமில்லை, மகனே, நமக்கு உண்டு” என்றார் அம்முதியவர்.

பொறி ஏன் இவ்வாறு செய்தது? அதற்குத் தமிழர்மீது பகையில்லை. எண்ணற்ற எழுத்துக்களைப் பயின்று, எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் பெரும்பாலும் வரும் என்று கணித்து எழுதுவது அதன் இயல்பு. முதற்பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட பெயர்களையே அது மிகுதியாகக் கண்டிருக்கின்றது. தந்தையின் முதலெழுத்தைத் தாங்கிய நம் வழக்கம் அதற்கு அரிதாகத் தோன்றுகின்றது. அரிதானதைப் பொதுவானதாகத் 'திருத்தி' விடுகின்றது. சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றே. ஐயம் தோன்றும் இடத்தில் அது தயங்கி நிற்கும் என எதிர்பார்த்தல் கூடாது.

ஓர் எழுத்துத்தானே என்று சிலர் நினைக்கலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் ஒன்பதாம் வகுப்பில் பதிவாகும் பெயரே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை செல்லுகின்றது. அச்சான்றிதழை வைத்தே பிற ஆவணங்கள் பல எழுகின்றன. ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் ஒவ்வாவிட்டால், மாணவருக்குரிய பன்னிரண்டு இலக்க 'அபார்' எண் உருவாகாமல் தடைப்படுகின்றது. சான்றிதழிற் பெயரைத் திருத்துவது பற்றிய வழக்குகள் பலவற்றை ஒருங்கே விசாரித்த உச்ச நீதிமன்றம், 2021 ஜூன் திங்களில் தீர்ப்பளித்தபோது, பெயர் என்பது ஒருவரது அடையாளத்தின் உள்ளார்ந்த கூறு என்றும், அரசியலமைப்பு வழங்கும் கருத்துரிமையில் அடங்குவது என்றும் கூறிற்று. உச்ச நீதிமன்றம் வரை சென்று பெறவேண்டியதை ஒரு பிற்பகலின் ஒப்புநோக்கால் காத்துவிடலாம் அல்லவா?

பிழை அத்துடன் முடியவில்லை. அப்பட்டியலைப் பொறியிடம் கொடுத்ததே முதற் பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அதில் பிள்ளைகளின் பிறந்த நாளும் முகவரியும் இருந்தன. பொதுமக்களுக்குரிய பொறியில் இடப்பெறும் செய்தி நம் அலுவலக அலமாரியில் தங்குவதில்லை. வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குச் சென்றுவிடுகின்றது. பின்னர் திரும்பப் பெற எங்களிடம் சாவியில்லை. 2023-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோர் அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்ளுகின்றது. அவர்களைப் பற்றிய தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது அதன் பொது விதி. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 திங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பெற்றுள்ளன. தண்டத்துக்கு அஞ்சி இதனைக் கூறவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்கு இழுப்பு நோய் உண்டென்று பேருந்துப் பொறுப்பாளரிடம் தாழ்ந்த குரலிற் சொல்லுகின்றாள். அது நம்பிக்கையால் ஒப்படைத்த பொருள். அதனை ஊரறியப் போட எங்களுக்கு உரிமை ஏது?

ஆகவே எங்களுக்குள் சில நெறிகளை வகுத்துக் கொண்டோம். பிள்ளைகளின் பெயர், முகவரி, ஆதார் எண், நோய்க் குறிப்பு, சாதிச் சான்று, கட்டண நிலுவை, நிழற்படம் ஆகியவற்றைப் பொதுப் பொறியில் இடுவதில்லை. கடிதம் வரையும்போது பெயருக்குரிய இடத்தைக் காலியாக விட்டு, பின்னர் எங்கள் கையால் நிரப்புகின்றோம். பொறி தந்த எதனையும் மூல ஆவணத்துடன் ஒப்பிடாமல் முத்திரையிடுவதில்லை. ஒரு பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தரலாமா, இடமளிக்கலாமா என்பன போன்றவற்றை அதனிடம் கேட்பதில்லை. தலைமையாசிரியர் அறியாமல் எந்தப் பொறியையும் அலுவலகத்தில் புகுத்துவதுமில்லை.

பெற்றோர்களாகிய உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சேர்க்கைப் படிவம் மூன்றிலும் பெயரின் எழுத்துக்கள் ஒன்றாக இருக்கச் செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்பில் சரிபார்க்கத் தரும் தாளைப் படிக்காமல் ஒப்பமிடாதீர்கள். எங்களிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். பிள்ளையின் மதிப்பெண் தாளைக் காலனியின் வாட்ஸப் குழுவில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியது இப்பொறிக்கும் பொருந்தும்.

இறுதியாக ஒன்று. தட்டச்சையும் சுருக்கெழுத்தையும் நம்பித் தலைநகருக்கு வந்த தமிழர் எத்தனையோ பேர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் இந்த அவையிலும் இருக்கின்றீர்கள். அக்காலத்து அலுவலகக் கடிதங்களின் அடியில், தட்டச்சிட்டவரின் முதலெழுத்துக்களைச் சிறியதாகப் பொறிக்கும் வழக்கம் இருந்தது. பிழை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அதுவே விடை. புதிய பொறி அவ்வாறு முதலெழுத்து இடுவதில்லை. அவ்விடத்தில் எங்கள் எழுத்தை இடுகின்றோம். கேள்வி எழுந்தால் எங்களையே கேளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!