வட்டிக் கணக்கை நாமே போடுவோம்: ஜாவாஸ்கிரிப்ட் அறிமுகம்

(திருப்பாதிரிப்புலியூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் தரும் இணையப் பக்கங்களை உங்களில் பலர் செல்போனில் பார்த்திருப்பீங்க. தொகையைத் தட்டி, மாதத்தைத் தட்டினால், தவணை இவ்வளவு என்று உடனே காட்டும். அந்தக் கணக்கைப் பெரும்பாலும் போடுவது ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி. நாம் கேள்வி கேட்டால் பக்கம் பதில் சொல்ல வைக்கிற மொழி அது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். ஜாவா என்று வேறொரு மொழி இருக்கு. பெயர்தான் ஒட்டிக்கிட்டு இருக்கே தவிர, இரண்டும் வேறு வேறு.

இதைப் பழக இணைய இணைப்புகூட வேண்டாம். கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, எஃப் 12 பொத்தானை அழுத்தி, கன்சோல் என்ற பகுதிக்குப் போங்க. ஒரு வரி எழுதி என்டர் தட்டினால் பதில் வரும். 100 * 12 என்று எழுதினால் 1200. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. அவ்வளவுதான் ஆரம்பம்.

அடுத்து, ஒரு தொகைக்குப் பெயர் வைப்பது. நம் லெட்ஜரில் சேமிப்பு, கடன், வட்டி என்று தலைப்புப் போட்டுக் கீழே தொகை எழுதுகிறோமே, அதேதான். முதலில் லெட் என்று எழுதி, பிறகு பெயர், சமக்குறி, தொகை. லெட், ஃபார், இஃப் போன்ற சொற்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் எழுதணும். ஆனால் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கடன், மீதி, வட்டி என்று எழுதினால் அது ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு நடுவில் இடைவெளி மட்டும் கூடாது. தொகையில் கமா போடாதீங்க, 10000 என்று சேர்த்தே எழுதுங்க.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். பாடலீஸ்வரர் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஒரு சகோதரி 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார், 10 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி எவ்வளவு?

மாதம் 200, பத்து மாதத்துக்கு 2,000 என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய தொகைக்கே கடைசிவரை வட்டி போடுகிற நிலை வட்டி அது. மீதிக்கு மட்டும் வட்டி போட்டால்? அதைப் பத்து தடவை கையால் போடுவதற்குப் பதிலாக, 'ஃபார்' என்ற சொல்லை வைத்து, கீழ்க்கண்ட இரண்டு வேலையைப் பத்து தடவை செய் என்று சொல்லிவிடலாம்.

வட்டி = வட்டி + மீதி * 2 / 100
மீதி = மீதி - 1000

தொடக்கத்தில் மீதி 10000, வட்டி 0. முதல் வரியைப் பார்த்தால், வட்டி எப்படி வட்டியோடு இன்னொன்றைக் கூட்டியதற்குச் சமமாகும் என்று தோணும். இங்கே சமக்குறிக்கு அர்த்தம் வேறு. வலப்பக்கத்துக் கணக்கைப் போட்டு, விடையை இடப்பக்கப் பெயரில் எழுதிவை என்பதுதான். முதல் மாதம் 200, அடுத்து 180, பிறகு 160 என்று இறங்கி, கடைசி மாதம் 20 ரூபாய். மொத்தம் 1,100.

அதே கடன், அதே '2 வட்டி' என்ற பேச்சு. ஆனால் 900 ரூபாய் வித்தியாசம்! நிலை வட்டியில் மாதம் 1,200 கட்டினால், குறையும் மீதிக்குப் பார்க்கும்போது அது கிட்டத்தட்ட மூன்றரை வட்டி. பக்கத்தில் தவணை அழகாகத் தெரிவதால் கணக்கு நியாயம் என்று ஆகிவிடாது. எந்த முறையில் கணக்குப் போடணும் என்று தீர்மானிப்பது அந்த வரிகளை எழுதியவர்தானே. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் சதவீதத்தை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில், முக்கிய விவரத் தாளில் காட்டணும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. வங்கியோ நிதி நிறுவனமோ, கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க.

நீங்களே பக்கம் எழுதும்போது ஒரு இடத்தில் கவனம் வேணும். பக்கத்தில் உள்ள கட்டத்தில் நாம் தட்டுகிற தொகையை இந்த மொழி எண்ணாக எடுக்காது, எழுத்தாகத்தான் எடுக்கும். அதனால் 100-ம் 50-ம் கூட்டச் சொன்னால் 150 வராது, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 10050 என்று காட்டும். வேடிக்கை என்னன்னா, கழித்தலும் பெருக்கலும் சரியாகவே வரும், கூட்டல்தான் கவிழ்க்கும். நம்பர் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்தத் தொகையைக் கொடுத்தால் எண்ணாக மாறிவிடும். நம்பர் என்பதில் முதல் எழுத்து பெரிய எழுத்து. சேமிப்புப் பக்கம் போடுகிறவர்கள் 100-ம் 50-ம் கொடுத்துச் சோதித்த பிறகே உண்மையான தொகையைப் போடுங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கடனின் லெட்ஜர் பக்கத்தை எடுத்து வாங்க. தொகை, மாதம், மாதம் கட்டும் அசல் மூன்றையும் மாற்றி, அதே இரண்டு வரியில் போட்டுப் பார்ப்போம்.