எஞ்சினைச் சோதிக்கும் புள்ளிகள்

டீசல் எஞ்சினில் எரிபொருளை எக்கணத்தில் பீச்சுவது, எவ்வளவு அழுத்தத்தில் பீச்சுவது, கழிபுகையில் எவ்வளவைத் திருப்பி உள்ளே விடுவது என்பனவற்றை இன்று ஒரு சிறு கணிப்பொறி நடத்துகிறது. அதற்குரிய அளவுகளை முன்கூட்டியே வகுத்துத் தருபவர் பொறியியலார். பீச்சுவதைச் சற்று முற்படுத்தினால் எண்ணெய் மிச்சமாகும். நைட்ரஜன் ஆக்சைடுகளோ பெருகும். கழிபுகையைத் திருப்பிவிட்டால் அவை குறையும், கரி மிகும். சுழற்சி வேகமும் பளுவும் மாறுந்தோறும் இவ்விழுபறியின் தீர்வும் மாறும்.

எல்லா நிலைகளையும் சோதிப்பது இயலாத காரியம். ஆகவே, சோதனையோட்டத்தில் எஞ்சின் நொடிதோறும் எந்நிலையில் இருக்கிறதெனக் குறித்து, அவை நெருங்கிக் குழுமும் இடங்களில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அங்கே கழியும் காலத்தை எடையாகத் தருவர். ஆனால் காலத்தை மட்டும் நம்பிப் புள்ளி தேர்வது பிழை என்பேன். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் நேரம் நீளமானது. அதில் வெளிவரும் நஞ்சு சொற்பம். வேகம் கூட்டும் சில நொடிகளே பெரும்பங்கைக் கக்கிவிடக்கூடும். அப்புள்ளியை விடலாகாது.

இந்தியக் கார்களுக்கென வகுத்த சோதனையோட்டம் 1,180 நொடிகள். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். கோபோலியிலிருந்து கண்டாலாவுக்கு மலையேறும் வண்டியின் பளு அதில் ஏது? 2020 ஏப்ரலில் டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆயிற்று. 2023 ஏப்ரல் முதல் சாலையிலும் அளக்கிறார்கள். மலைப்பாதைக்கும் இனிப் புள்ளி வேண்டும்.