கேமரா எங்கே வாங்குவது, கூடுதல் வாரண்டி தேவையா?

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிசிடிவி கேமராக்களைப் புதிதாகப் போடுவது என்று சென்ற கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. இரண்டு கேள்விகள்தான் பாக்கி. யாரிடம் வாங்குவது? கடைக்காரர்கள் சொல்லும் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டலாமா? வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வந்த கொட்டேஷன்களைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் பி பிளாக் பார்க்கிங்கில் ஒரு பையனின் சைக்கிள் காணாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பதிவைப் பார்க்கப் போனால், ரெக்கார்டரில் இருந்த ஹார்டு டிஸ்க் பழுதாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது. திரையில் படம் ஓடிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாட்டிக் கொடுத்தவரின் செல்போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. வாரண்டி கார்டு நம் கோப்பில் இருந்தது. அதில் கடை முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. அந்த ஒரு வாரம் நம் இரவு வாட்ச்மேனிடம் சிலர் கேட்ட கேள்விகள் நமக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. பதிவு இருந்திருந்தால் அவர் பெயரை யாரும் இழுத்திருக்க முடியாது. விலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

முதலில் எங்கே வாங்குவது என்பதைப் பார்ப்போம்.

என் வயதுக்காரர்களுக்குக் கேமரா என்றால் பர்மா பஜார்தான் ஞாபகம் வரும். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் பக்கம், ராஜாஜி சாலை ஓரமாக வந்த கடைகள் அவை. ஃபாரின் கேமரா வேண்டுமென்றால் அங்கே போய்ப் பேரம் பேசி வாங்குவோம். பில் கிடையாது. ஃபிளாஷ் ஒருமுறை அடித்துக் காட்டுவார்கள், அதுதான் வாரண்டி. இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு இருந்த காலத்தில் வேறு வழியும் இல்லை. இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. ஆனால் "பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம்" என்று நமக்கு வந்த ஒரு கொட்டேஷனில் பேனாவால் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கொட்டேஷனை நான் ஓரமாக வைத்துவிட்டேன். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி கேட்க முடியாது, ஆடிட்டரிடம் கணக்கும் காட்ட முடியாது.

மீதி மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்த்து நாம் ரிச்சி தெரு என்றே சொல்லிவிடுகிறோம். மொத்த விலைக்குக் கிடைக்கும், நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிடலாம். ஆனால் அங்கே வாங்கினால் மாட்டுவதற்கு ஆளை நாம் தனியாகப் பிடிக்க வேண்டும். பழுது வந்தால் கேமரா சரியில்லை என்பார் மாட்டியவர், மாட்டியது சரியில்லை என்பார் கடைக்காரர். நடுவில் நிற்பது நாம்.

இரண்டாவது வழி ஆன்லைன். வீட்டுக்கு ஒரு கேமரா வாங்க இது நல்ல வழி. திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள், விற்பவர் யார் என்று பார்த்து வாங்கினால் போதும். அதற்கென்று 2020ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் மூன்று பிளாக்குக்கும் கேபிள் இழுத்து, 16 கேமரா பொருத்தும் வேலைக்கு ஆன்லைன் ஒத்து வராது.

மூன்றாவது வழி, நம் பகுதியிலேயே கடை வைத்திருந்து, பொருளையும் கொடுத்து மாட்டியும் தருபவர். பேப்பர் மில்ஸ் சாலைப் பக்கம் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஃபோனை எடுக்கவில்லை என்றால் நடந்தே போய்க் கேட்கலாம். ஒரே ஆள், ஒரே பில், ஒரே பொறுப்பு. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிய பிறகு.

ஒன்று, பில் சங்கத்தின் பெயரில் வேண்டும். செயலாளர் பெயரில் வேண்டாம், அவர் அடுத்த வருடம் மாறலாம். இரண்டு, ஒவ்வொரு கேமராவின் மாடலும் சீரியல் எண்ணும் பில்லிலோ இணைப்பிலோ இருக்க வேண்டும். மூன்று, அந்தப் பிராண்டின் சர்வீஸ் சென்டர் சென்னையில் எங்கே இருக்கிறது, அவர் அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்பதை நாமே அந்தக் கம்பெனிக்கு ஃபோன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். நான்கு, சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசு கொண்டுவந்த பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. படம் வெளியாட்கள் கைக்குப் போகாதபடி பரிசோதித்துச் சான்று பெற்ற மாடல்தானா என்று கேட்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் போய்வரும் படிக்கட்டு அது. இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது என்று இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்து எக்ஸ்டெண்டட் வாரண்டி.

பெயர் வாரண்டி என்றாலும், குணத்தில் அது இன்சூரன்ஸ்தான். முன்கூட்டியே ஒரு தொகை கட்டுகிறோம், நஷ்டம் வந்தால் அவர்கள் ஏற்கிறார்கள். இன்சூரன்ஸ் எதற்கு எடுக்கிறோம்? நம்மால் தாங்க முடியாத நஷ்டத்துக்கு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கிறோம், வீடு தீப்பிடித்தால் என்று எடுக்கிறோம். குடை கிழிந்தால் என்று யாரும் பாலிசி எடுப்பதில்லை. 16 கேமராவில் ஒன்று போவது சங்கத்தைப் பொறுத்தவரை குடை கிழிவது போலத்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மொத்தச் செலவு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக இரண்டு வருட வாரண்டிக்கு 12 சதவீதம் கேட்டால் 14,400 ரூபாய். ஒரு கேமராவை மாற்ற 2,500 ரூபாய் என்றால், அந்தத் தொகையில் ஐந்து கேமராவை நாமே மாற்றிவிட்டு 1,900 ரூபாய் மிச்சமும் வைக்கலாம். அந்த இரண்டு வருடத்துக்குள் ஆறு கேமராவாவது, அதுவும் தயாரிப்புக் குறையால், பழுதானால்தான் நமக்கு லாபம்.

"தயாரிப்புக் குறையால்" என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்த மின்னணுப் பொருளிலும் தயாரிப்பில் குறை இருந்தால், பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அதற்குக் கம்பெனியின் சாதாரண வாரண்டியே போதும். நம் ஊரில் கேமரா எதனால் போகிறது? கரண்ட் ஏறி இறங்குவதால், இடியால், மழைநீர் இறங்குவதால், உப்புக் காற்றில் கனெக்டர் துரு பிடிப்பதால், எலி கேபிளைக் கடிப்பதால். வாரண்டித் தாளின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், இவற்றில் பெரும்பாலானவை "இதில் அடங்காது" என்ற பட்டியலில்தான் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்தில் ரெக்கார்டர் வைத்து அது மூழ்கினால், எந்தச் சாதாரண வாரண்டியும் அதற்குப் பணம் தராது.

ஏ பிளாக்கில் ஐ.சி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒரு கேள்வி கேட்டார். "ஹார்டு டிஸ்க்தானே போன தடவை காலை வாரியது, அதற்காவது எடுக்கலாமே?" நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க்கைப் போடாமல், இருபத்து நாலு மணி நேரமும் பதிவதற்கென்றே செய்த டிஸ்க்கைப் போடச் சொல்ல வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் அந்த வகை. அவற்றுக்குத் தயாரிப்பாளரே 3 வருட வாரண்டி தருகிறார். அதே காலத்துக்கு நாம் மறுபடியும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. டிஸ்க்கை மாற்றித் தருவார்கள், அழிந்த பதிவைத் தர மாட்டார்கள். அதைக் காப்பாற்றுவது வாரண்டியின் வேலை இல்லை, மாதம் ஒரு முறை பதிவை ஓட்டிப் பார்க்கும் நம் வேலை.

ஏ.எம்.சி. என்பது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆள் வந்து துடைத்து, கனெக்டரைச் சரிபார்த்து, பதிவு ஆகிறதா என்று பார்க்கும் வருடாந்தர ஒப்பந்தம். உதிரிப் பாகமும் சேர்ந்ததா, வேலைக்கூலி மட்டுமா என்று இரண்டு வகை உண்டு. கூலி மட்டும் உள்ளதை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுக்கலாம். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு முறை வந்து போன பிறகு கொடுப்பது நல்லது.

அப்படியானால் எக்ஸ்டெண்டட் வாரண்டியே வீண் என்றா சொல்கிறேன்? இல்லை. விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைக்கு எழுபது எண்பதாயிரம் ரூபாயில் கேமரா வாங்கித் தரும் பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அது ஒன்றுதான், போனால் உடனே இன்னொன்று வாங்க முடியாது. அங்கே யோசிக்கலாம். ஆனால் முதலில், சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் பதிந்தால் இலவசமாகவே கூடுதல் காலம் கிடைக்குமா என்று பாருங்கள். சில கம்பெனிகள் தருகின்றன. பிறகு, வாரண்டி தருவது கேமராக் கம்பெனியா, கடையோடு ஒப்பந்தம் செய்த வேறொரு நிறுவனமா என்று கேளுங்கள். கீழே விழுந்தாலும் தண்ணீர் பட்டாலும் சேருமா, தேய்மானம் என்று கழிப்பார்களா என்றும் கேளுங்கள். விழுந்தால் சேராது என்றால், கல்லூரிப் பிள்ளைக்கு அந்த வாரண்டியால் பெரிய பிரயோஜனமில்லை. பில் போடும் கவுன்டரில் நின்றுகொண்டு இதை முடிவு செய்ய வேண்டாம். தாளை வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள்.

இவ்வளவும் செய்து ஏமாற்றம் வந்தால் என்ன செய்வது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் இருக்கும் இடத்து ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். அங்கே முதலில் கேட்பது பில்.

நிறைவாக, பொதுக்குழுவின் முன் நான் வைக்கும் யோசனைகள் இவை. உள்ளூரில் கடை உள்ளவரிடம், சங்கத்தின் பெயரில் முழு பில்லோடு வாங்குவோம். எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டாம். அதற்குக் கட்டவிருந்த தொகையைக் கேமரா நிதி என்று சங்கத்தின் பெயரிலேயே தனி டெபாசிட்டாகப் போடுவோம். எலி கடித்தாலும் இடி விழுந்தாலும் அது உதவும். ஒன்றும் ஆகாவிட்டால் வட்டியோடு நம்மிடமே இருக்கும். ரெக்கார்டரைத் தரைத்தள செக்யூரிட்டி அறையிலிருந்து முதல் மாடிக்கு மாற்றி, ஸ்டெபிலைசரும் எர்த்தும் சரியாகப் போடுவோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அன்று முந்தின வாரப் பதிவை ஓட்டிப் பார்த்து, பதிவேட்டில் இருவர் கையெழுத்திட வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு அந்த வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது கையெழுத்துக்கு ஒருவர் பெயர் கொடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். இது எல்லோரும் கட்டிய மெயின்டெனன்ஸ் பணம்.