அம்மாவுக்கு அறுபது ரூபாய்



பேரிகைப் பிள்ளை ஏன் மேற்படிப்பை விட்டு ஓசூர்த் தொழிற்சாலைக்குப் போகிறான்? கட்டணம் கட்ட ஆள் கிடைத்தாலும் வீடு அவன் சம்பளத்தையல்லவா எதிர்பார்க்கிறது!

கணிதமேதை இராமானுஜனை எண்ணிப் பாருங்கள். எப்.ஏ. தேர்வில் தவறியவர், சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும், கப்பல் செலவும், ஏன், உடுப்புச் செலவும்கூடத் தந்தது. 1914 மார்ச் 17-இல், 26 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

புறப்படுமுன் ஓர் ஏற்பாடு செய்தார்: அத்தொகையில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் தாயாருக்குப் போகவேண்டும். அன்று பவுண்டுக்கு 15 ரூபாய். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு!

நாம் உதவித்தொகை ஒதுக்கும்போது அந்த ஐந்தில் ஒன்றையும் சேர்த்தே கணக்கிடவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.